ஆடிக்காற்றும் மீன்தொட்டியின் ஹீட்டரும்

தேனியிலிருந்து கூடலூர் வரை, வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போரிடம் சற்றுப் பேச்சுக் கொடுத்தால், மீன்களைப் பற்றிய செய்தி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் தொடங்குவது ஹீட்டரின் மீதான குற்றப்பத்திரிகைதான். "சில நாள் சுடுது, சில நாள் சுடலண்ணே. இது மூணாவது ஹீட்டர்" என்று கடைக்காரரிடம் முறையிடுவோரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவரும் மறுபேச்சின்றி நான்காவதை எடுத்து நீட்டுகிறார். நான்காவது வந்த பின்னும் மீன்களின் உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றாய் மிதக்கத் தொடங்குகின்றன. ஒருநாள் தொட்டி காலியாகி, பரணுக்குப் போய்விடுகிறது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பள்ளத்தாக்கில் குற்றம் சாட்டப்படும் ஹீட்டர்களில் பல நிரபராதிகள். காற்றும் மின்னழுத்தமும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரும் செய்த பிழைக்கு அவை தண்டனை பெறுகின்றன. மெய்யாகவே கெட்டுப்போகும் ஹீட்டர் உண்டு; அதன் கொடிய வடிவம் தண்ணீரைக் குளிரவிடுவதன்று, அணையாமல் எரிந்து தண்ணீரைக் கொதிநிலை நோக்கிக் கொண்டுசெல்வது. நம்மவர்கள் முன்னதற்கு அஞ்சும் அளவில் பத்தில் ஒரு பங்குகூடப் பின்னதற்கு அஞ்சுவதில்லை. அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் பற்றிய சிறு குறிப்பு. ஹீட்டரைச் 'சூடேற்றி' என்று சிலர் தமிழாக்குகிறார்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் கேட்பது சூடு அன்று, வெதுவெதுப்பு. அதிலும் முக்கியமாக, இன்றைக்கும் நாளைக்கும் மாறாத வெதுவெதுப்பு. 25 டிகிரியில் நிலையாக இருக்கும் நீரில் நலமாக வாழும் மீன், பகலில் 29, இரவில் 23 என்று ஊசலாடும் நீரில் நலிகிறது. தன் உடலின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு இல்லை. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். சட்டென்று குளிர்ந்தால் செரிமானம் தளர்கிறது, நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. காத்திருந்த வெண்புள்ளி நோய்க்கிருமிக்கு அதுவே போதும். ஆகவே 'சூடேற்றி' என்பதைவிட 'நிலைநிறுத்தி' என்று பெயர் வைத்திருந்தால், அதை வாங்குவோரின் எதிர்பார்ப்பும் சரியாக இருந்திருக்கும். போகட்டும்; வழக்கில் உள்ள ஹீட்டர் என்ற சொல்லையே நாமும் ஆள்வோம்.

இந்த ஊசலாட்டத்துக்கு நம் பள்ளத்தாக்கில் தனிக் காரணங்கள் உண்டு. சென்னையிலும் மற்ற ஊர்களிலும் இருந்து எழுதப்படும் மீன் வளர்ப்புக் குறிப்புகளைப் படித்துவிட்டு, இங்கே மார்கழி, தை இரவுகளில் மட்டும் ஹீட்டரைப் போட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். மார்கழிக் குளிர் மெய்தான். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் என இருபுறமும் மலை நிற்கும் இந்த நிலத்தில், இரவில் மலைச்சரிவிலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தங்குகிறது. ஆனால் மீன்தொட்டிக்கு இங்கே இரண்டாவது குளிர்காலம் ஒன்று இருக்கிறது. ஆனியில் தொடங்கி ஆவணி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே அது. மலை இடைவெளிகள் வழியாகப் புகுந்து பள்ளத்தாக்கின் நெடுகிலும் வீசும் இந்தக் காற்றை நம்பித்தான் நம் மாவட்டத்தில் காற்றாலைகளே நிறுவப்பட்டிருக்கின்றன. கூடலூர், கம்பம் பக்கம் சாரலோடு வருவது, தேனியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் நோக்கிப் போகும்போது ஈரத்தை இழந்து வறண்ட காற்றாகிவிடுகிறது.

வறண்ட காற்று திறந்த தொட்டிக்கு என்ன செய்யும்? மண்பானைத் தண்ணீர் குளிர்வதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீர் ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. எவ்வளவு எடுத்துச் செல்கிறது என்பதுதான் பலருக்கும் தெரியாதது. நம் வீடுகளில் பரவலாகக் காணப்படும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். மணலும் கல்லும் போக அதில் சுமார் 50 லிட்டர் நீர் நிற்கும். அதிலிருந்து நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியானால், நீர்மட்டம் ஐந்தரை மில்லிமீட்டர் அளவே குறையும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். ஆனால் அந்த ஒரு லிட்டர் கொண்டுபோகும் வெப்பம், நாள் முழுவதும் இடைவிடாது 28 வாட் அளவில் தொட்டியிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுவதற்குச் சமம். இரண்டு லிட்டர் ஆவியானால் 56 வாட். தொட்டியில் இருப்பதோ 50 வாட் ஹீட்டர். அது இரவு பகலாக எரிந்தாலும் தோற்கத்தான் செய்யும். மேலே மின்விசிறி சுழல, எதிரே சன்னல் திறந்திருக்க, மூடியில்லாத தொட்டியில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, "சில நாள் சுடவில்லை" என்றால், காற்றில்லாத நாள் சுடுகிறது, காற்றடித்த நாள் சுடவில்லை என்பதே பொருள்.

சோதிப்பது எளிது. தொட்டியின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் கடைக்குப் போக வேண்டிய இடம் கண்ணாடிக் கடை. அளவுக்கு வெட்டிய கண்ணாடி மூடி ஒன்று, காற்றுக்குழாயும் மின்கம்பியும் நுழைய மூலையில் சிறு இடைவெளியோடு. ஹீட்டர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு இது. ஆண்டு முழுவதும் மின்கட்டணத்தையும் குறைக்கும்.

மொட்டைமாடித் தண்ணீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். தொட்டிநீரில் கால் பங்கை மாற்றுவது நல்ல வழக்கம். அதை எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. மார்கழி விடியலில் மாடியின் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து வரும் நீர் 20 டிகிரி என்று கொள்வோம். 26 டிகிரியில் இருந்த தொட்டியில் கால் பங்கு அதை ஊற்றினால் மொத்த நீரும் 24.5 டிகிரிக்கு இறங்கும். 50 வாட் ஹீட்டர் அந்த ஒன்றரை டிகிரியை மீட்க, வெப்ப இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். சித்திரை மதியத்தில் கதை தலைகீழ். அதே குழாயில் வருவது ஏறக்குறைய வெந்நீர். வாளியில் பிடித்து இரவு முழுவதும் வீட்டுக்குள் வைத்துவிட்டு மறுநாள் ஊற்றுவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. குழாய்நீரின் குளோரினும் அதற்குள் பெருமளவு போய்விடும்.

அடுத்தது மின்னழுத்தம். ஹீட்டரின் மேல் 100 வாட் என்று எழுதியிருப்பது 230 வோல்ட் அளவில் மின்சாரம் வந்தால் மட்டுமே உண்மை. அழுத்தம் குறைந்தால் வெப்பம் அதே விகிதத்தில் குறைவதில்லை. அதன் இருமடி விகிதத்தில் குறைகிறது. 180 வோல்ட்டில் அந்த 100 வாட் ஹீட்டர் 61 வாட்தான் தரும். 160 வோல்ட்டில் 48. வாழையும் தென்னையும் திராட்சையுமாக ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் ஊர்களில், மோட்டார்கள் ஒருசேர ஓடும் வேளையில் வீட்டு விளக்கு மங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். விளக்கு மங்குவது கண்ணுக்குத் தெரிகிறது; ஹீட்டர் மங்குவது தெரிவதில்லை. மின்சாரமே இல்லாத வேளையைச் சொல்லவே வேண்டாம். 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு நாள்களில் இப்பகுதியில் மீன் வளர்ப்பதைக் கைவிட்டவர்கள் பலர். இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆயினும் ஆடிக்காற்றில் மரக்கிளை கம்பியில் விழும் இரவுகள் வரத்தான் செய்கின்றன. அத்தகைய இரவுகளில் தொட்டியின் மூன்று பக்கத்திலும் போர்வை சுற்றி, மூடியின் மேல் செய்தித்தாளை மடித்து வைத்தால் 50 லிட்டர் நீர் விடியும்வரை தன் வெப்பத்தைப் பெருமளவு காத்துக்கொள்ளும். மின்கலத்தில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது இன்னும் நல்லது. சில மணி நேர மின்வெட்டில் குளிரைவிட மூச்சுத்திணறலே மீன்களை முதலில் கொல்லும். சிலர் கெட்டிலில் கொதிக்கவைத்த நீரை அப்படியே தொட்டியில் ஊற்றுகிறார்கள். அந்த நீர் விழும் இடத்தில் நீந்திக்கொண்டிருக்கும் மீனின் நிலையை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

இவையெல்லாம் கழிந்த பின்னரே ஹீட்டரை விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டும். அதற்கும் முன், சாட்சி சொல்லும் வெப்பமானி நம்பத்தக்கதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டும் நிறம் மாறும் பட்டை, பாதி நீரின் வெப்பத்தையும் பாதி அறையின் வெப்பத்தையும் காட்டும். உள்ளே நிற்கும் கண்ணாடி வெப்பமானி மேல். அதையும் பனிக்கட்டி போட்ட நீரில் பத்து நிமிடம் வைத்துச் சுழியத்தின் அருகில் நிற்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஹீட்டருக்கு எதிர்க்கோடியில் அதைப் பொருத்த வேண்டும். பக்கத்திலேயே வைத்துவிட்டு அளவு சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைவதில் பயனில்லை.

நாம் கடைகளில் வாங்கும் சாதாரண ஹீட்டரின் உள்ளமைப்பு மிக எளியது. ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே கம்பிச்சுருள், அதற்கு மேலே ஈருலோகப் பட்டை. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த அந்தப் பட்டை, வெப்பம் ஏறினால் வளைந்து மின்தொடுமுனையைப் பிரிக்கிறது. குளிர்ந்தால் நிமிர்ந்து சேர்க்கிறது. தலையில் உள்ள திருகு அந்தப் பட்டையின் அழுத்தத்தைத்தான் மாற்றுகிறது. திருகின் எண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஒன்றிரண்டு டிகிரி முன்பின் இருப்பது இயல்பு. 26 என்று வைத்து 25 காட்டினால் ஹீட்டர் கெட்டுவிட்டதாகப் பொருளில்லை. எண்ணைப் பாராமல், நீர் வேண்டிய அளவில் நிற்கும்படி திருகை வைத்துக்கொள்வதே முறை.

பட்டை குழாய்க்குள் இருப்பதால் அது முதலில் உணர்வது தன் சுருளின் வெப்பத்தைத்தான். சுற்றிலும் நீரோட்டம் இருந்தால் வெப்பம் உடனே கலைந்துபோகும். பிளாஸ்டிக் செடிகளுக்கும் அலங்காரக் கோட்டைக்கும் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி ஹீட்டரை ஒளித்துவைக்கிறோம் அல்லவா, அங்கே நீர் அசைவதில்லை. குழாயைச் சுற்றியுள்ள கைப்பிடி நீர் சுட்டதும் பட்டை 'போதும்' என்று அணைத்துவிடுகிறது. தொட்டியின் மறுகோடி குளிர்ந்தே கிடக்கிறது. விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்க, நீர் சுடாததைப் பார்த்து 'இது கிறுக்குப் பிடித்த ஹீட்டர்' என்கிறோம். பில்டரின் நீர் வெளிவரும் வாய்க்கு அருகே, சாய்வாகவோ படுக்கைவசமாகவோ வைத்தால் கிறுக்கு தெளிந்துவிடும் (முழுதும் மூழ்கத்தக்க வகையா, நீர்மட்டக் கோடு போட்டதா என்று பார்த்துச் செய்ய வேண்டும்).

இடம் மாற்றியும் ஐயம் தீரவில்லையென்றால் வாளிச் சோதனை இருக்கிறது. எத்தனையோ புதிய ஹீட்டர்களின் செலவை மிச்சப்படுத்தும் சோதனை. வாளியில் அளந்து 20 லிட்டர் நீர் ஊற்றி, ஹீட்டரை உள்ளே வைத்து, அறையின் வெப்பத்துக்கு அது பழகக் கால் மணி நேரம் விட்டு, வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, திருகை மேலே வைத்து மின்சாரம் கொடுங்கள். வாளியை ஒரு தட்டால் மூடுங்கள். 100 வாட் ஹீட்டர் 20 லிட்டரை ஒரு டிகிரி உயர்த்தக் கணக்குப்படி 14 நிமிடம் எடுக்கும். 50 வாட் என்றால் 28 நிமிடம். இழப்பெல்லாம் போக, 100 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் மூன்றரை முதல் நான்கு டிகிரி வரை ஏற்றிவிட்டால் அதன் சுருளில் குறையில்லை. இரண்டரை டிகிரிதான் ஏறியது என்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஏறவே இல்லை, ஆனால் விளக்கு எரிகிறது என்றால் சுருள் அறுந்திருக்கக்கூடும். விளக்கும் எரியவில்லையென்றால், வேறொரு பிளக்கில் போட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்; தளர்ந்த சாக்கெட் ஒன்று பல ஹீட்டர்களின் பெயரைக் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் வாளியில் கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்காது என்றே நம்புகிறோம். இருந்தாலும் சொல்லிவைக்கிறோம்.

சோதனையின் இரண்டாம் பகுதிதான் முக்கியமானது. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திருகை, வாளிநீர் இருக்கும் வெப்பத்தைவிட இரண்டு டிகிரி மேலே வைத்து, சில மணி நேரம் விட்டுவிட்டு, அது அணைகிறதா என்று பார்க்க வேண்டும். அணைந்து, நீர் சற்றுக் குளிர்ந்ததும் மீண்டும் எரிந்தால் நல்ல ஹீட்டர். அணையாமல் ஏறிக்கொண்டே போனால் அதுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன கொடிய ஹீட்டர். தொடுமுனைகள் பிரியும் ஒவ்வொரு முறையும் அவற்றிடையே சிறு பொறி தாவுகிறது. ஆயிரக்கணக்கான முறை பொறி பறந்து குழி விழுந்த முனைகள் ஒருநாள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் பட்டை எவ்வளவு வளைந்தாலும் பிரிவதில்லை. மீன் வளர்ப்போர் 'ஒரே பிடியாக எரிகிறது' என்று சொல்வது இதைத்தான்.

அப்போது என்ன நேரும் என்பது ஹீட்டரின் வாட் அளவைப் பொறுத்தது. 50 லிட்டர் தொட்டியில் 50 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டால் மணிக்கு முக்கால் டிகிரி அளவில் ஏறத் தொடங்கும். ஏற ஏற இழப்பும் கூடுவதால் வேகம் குறையும். இரவில் ஒட்டிக்கொண்டதைக் காலையில் கண்டுபிடித்துக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. அதே தொட்டியில் 300 வாட் ஹீட்டர் என்றால் மணிக்கு ஐந்து டிகிரி. நாம் உறங்கிய நான்கு மணி நேரத்தில் நீர் 40 டிகிரியைக் கடந்துவிடும். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைவதும் சேர்ந்துகொள்கிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும். 35 டிகிரியில் 7க்குச் சற்றுக் குறைவு. உடல் கேட்பதோ மேலும் அதிகம். மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்பது அதனால்தான்.

ஆகவே 'பெரிதாக வாங்கினால் நன்றாகச் சுடும்' என்று கடையில் சொல்லப்படும் ஆலோசனையைக் காட்டிலும் ஆபத்தானது இத்துறையில் வேறொன்றில்லை. முதல் ஹீட்டர் போதவில்லை என்று காற்றின் குற்றத்தால் முடிவு கட்டி, அடுத்ததை இருமடங்கு வாட்டில் வாங்கி, அதுவும் போதவில்லை என்று அதற்கடுத்ததை இன்னும் பெரிதாக வாங்குகிறவர், ஒவ்வொரு படியிலும் தன் மீன்களை அந்த ஓர் இரவுக்கு அருகே கொண்டுசெல்கிறார். நம் பள்ளத்தாக்கில் மூடியுள்ள தொட்டிக்கு லிட்டருக்கு ஒரு வாட்டுக்கு மேல் எக்காலத்திலும் தேவையில்லை. தொட்டி பெரிதென்றால் ஒரு 200 வாட்டைவிட இரண்டு 100 வாட் சிறந்தது. ஒன்று அணைந்தே போனாலும் மற்றது தாங்கும். ஒன்று அணையாமல் போனாலும் அதனால் மட்டும் தொட்டியை வேகவைக்க இயலாது. இதற்கு மேலும் பாதுகாப்பு வேண்டுவோருக்கு, தனி உணர்முனையோடு வெளியே பொருத்தும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவிகள் இப்போது ஹீட்டரின் விலையிலேயே கிடைக்கின்றன. ஹீட்டரின் திருகை வேண்டியதைவிட ஒன்றிரண்டு டிகிரி மேலே வைத்துவிட்டு, எரிப்பதும் அணைப்பதும் அக்கருவியின் பொறுப்பு என்று விட்டுவிடலாம். அதுவும் ஹீட்டரும் ஒரே இரவில் சேர்ந்து கெட்டால்தான் விபத்து.

மனிதர்களுக்கான அபாயத்தையும் சொல்ல வேண்டும். மலிவான ஹீட்டர்கள் பலவும் இரண்டு முள் பிளக்கோடு வருகின்றன, எர்த் கிடையாது. தண்ணீர் மாற்றும்போது பிளக்கை எடுக்காமல், நீர் இறங்கி, சூடான கண்ணாடி காற்றில் நின்று, பின்பு குளிர்ந்த நீர் அதன் மேல் பட்டால் விரிசல் விழும். விரிசல் வழியே நீர் புகுந்த ஹீட்டரின் மின்சாரம் தொட்டி முழுவதும் பரவியிருக்கிறது. உள்ளே கை விடுவது பெரும்பாலும் வீட்டின் பிள்ளைகள். கசிவு மின்சாரத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டின் மின்பலகையில் இருப்பது இதற்கெல்லாம் பதில். இல்லாத வீட்டில் ஹீட்டர் வைப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். இந்த ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

இவ்வளவு தொல்லையோடு ஹீட்டர் தேவைதானா என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். எழ வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினோம். டிஸ்கஸ் வளர்ப்போருக்குத் தேவை. 28 டிகிரிக்குக் குறைந்தால் அது முடங்கும். தங்கமீனுக்குத் தேவையில்லை என்பதோடு தீங்கும்கூட. அது குளிர்நீர் மீன். இடைப்பட்ட கப்பி, மோலி, ஏஞ்சல், கௌராமி முதலியவை பல தலைமுறைகளாகத் தமிழ்நாட்டுச் சிமெண்டுத் தொட்டிகளில் பிறந்து வளர்பவை. சென்னை கொளத்தூர் வட்டாரத்திலிருந்து உயிர்வளி நிரப்பிய பைகளில் வரும் அம்மீன்களின் பூர்வீகம் அமேசானோ சயாமோ எதுவாயினும், பிறந்த ஊர் நம் ஊர்தான். மூடியுள்ள, காற்றோட்டத்தின் நேர்வழியில் இல்லாத தொட்டி, தேனி நகர வீடொன்றின் உள்ளறையில் இருந்தால், மார்கழியின் சில இரவுகள் நீங்கலாக அவற்றுக்கு ஹீட்டர் இல்லாமலே காலம் கழியும். கூடலூர், லோயர்கேம்ப் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்கள் சற்று யோசிக்கலாம்.

நம் நீரிலேயே பிறந்த மீன்களும் இருக்கின்றன. அவற்றுள் அயிரையை எடுத்துக்கொள்வோம். சங்கப் பாடல்களில் நாரைக்கு இரையாக வரும் அதே மீன்; மதுரை, தேனி வீடுகளில் குழம்புக்குப் பெயர் பெற்றது. அதைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாம் என்று சொன்னால் நம்மவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மெல்லிய மணலில் மூக்கை நுழைத்து, செவுள் வழியே மணலை வடித்து, வாலசைத்து மறையும் அதன் அழகுக்கு ஈடான மீன் கடைகளில் குறைவு. அதன் விலங்கியல் பெயர் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். இரண்டாம் சொல்லுக்கு வெப்பத்தைச் சார்ந்தது என்று பொருள். 1846இல் பிரெஞ்சு அறிஞர் வலான்சியன் இதை விவரித்தபோது, அவருக்குக் கிடைத்த மீன் இலங்கையின் திருகோணமலைக்கு அருகே உள்ள கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து பிடிக்கப்பட்டது. இராவணன் தன் தாயின் கடனுக்காகத் தோண்டியதாகக் கதை வழங்கும் அதே ஏழு கிணறுகளின் ஊற்று. வெந்நீர் ஊற்றையும் தாங்கி, வைகையின் தை மாதத்து மணற்படுகையையும் தாங்கும் மீனுக்கு நாம் ஹீட்டர் வாங்கித் தர வேண்டியதில்லை. சந்தையில் உயிரோடு விற்பதில் பத்து அயிரையை வாங்கி, மென்மணல் பரப்பிய, இறுக மூடிய தொட்டியில் விட்டுப் பார்க்கலாம். கெண்டைக் குஞ்சுகளும் அவ்வாறே.

இதைப் படித்துவிட்டு மேகமலை ஓடைகளில் வலை போடப் புறப்பட வேண்டாம். அப்பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியது. மேலே பெரியாறு ஏரியிலோ, உலகில் வேறெங்கும் இல்லாத, அழியும் நிலையில் உள்ள மீனினங்கள் வாழ்கின்றன. 1941இல் சுந்தரராஜ் விவரித்த லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் அவற்றில் ஒன்று. அந்த ஏரியில் புகுந்துவிட்ட திலேப்பியா, ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற வெளிநாட்டு மீன்கள் அவற்றின் இடத்தையும் இரையையும் பறித்துவருகின்றன. ஹீட்டரோடு போராடிச் சலித்தவர்கள் எஞ்சிய மீன்களை முல்லையாற்றிலோ வாய்க்காலிலோ விட்டுப் 'புண்ணியம்' தேடுவதும் இந்த வகைக் கேடுதான். வேண்டாத மீனை வாங்கிக்கொள்ள ஊருக்கு ஒரு மீன் கடையோ, அதே ஆர்வமுள்ள அண்டை வீடோ இல்லாமற்போகாது.

கடைசியாக, மெய்யாகவே கெட்ட ஹீட்டரை என்ன செய்வது? கண்ணாடிக்குள் பனிபடர்ந்ததுபோல் ஈரம் தெரிந்தாலோ, வாளிச் சோதனையில் அணைய மறுத்தாலோ அதைத் திறந்து பழுதுபார்க்க முயல வேண்டாம். நீர் புகாத அடைப்பை வீட்டில் மீண்டும் உருவாக்க முடியாது. பரணில் போட்டால் அடுத்த மார்கழியில் யாராவது எடுத்து மாட்டுவார்கள். பழைய சாமான் கடைக்குப் போட்டாலும் கம்பியோடு முழுதாக இருப்பதைக் கண்டு ஒருவர் வாங்கிப்போகக்கூடும். பிளக்கைப் பிடுங்கிய பின், மின்கம்பியைக் குழாயின் தலையோடு ஒட்ட வெட்டிவிட்டே வெளியே போட வேண்டும்.